லாமிங்டன் ரோடும் தந்தையாரின் வானொலியும்

மும்பை வாழ் தமிழருக்கு மாதுங்காக் கடைவீதியை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் தாதரில் மேற்கு வழி வண்டிக்கு மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் வரும் லாமிங்டன் ரோட்டை நம்மவருள் பலர் பெயரளவிலேயே அறிவர். 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராயிருந்த பிரபுவின் பெயர் அது. டாக்டர் தாதாசாஹேப் பட்கம்கர் மார்க் என்பதே இன்றைய முறையான பெயராயினும், மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

அங்கே நான் சென்றது வேடிக்கை பார்க்க அன்று. என் கைப்பையில் தந்தையார் 1974-இல் தம் முதற் சம்பளத்தில் வாங்கிய வானொலியின் உட்பலகை இருந்தது. இரவு உணவுக்குப் பின் சிற்றலையில் இலங்கை வானொலியின் தமிழைத் தேடிப் பிடித்து, அண்டை வீட்டாரையும் அழைத்துக் கேட்கச் செய்வாராம். வீடு மாறியபோது பெட்டி உடைந்தது. உடைந்த பெட்டியை எறிந்தவன் நானே. பெயர்த்தகடும், பின்மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த சுற்று வரைபடமும் அதனோடு போயின. பலகையையும் ஒலிபெருக்கியையும் மட்டும் தந்தையார் எடுத்து வைத்திருந்தார். சென்ற தை மாதம் நோயுற்றிருந்தபோது, "அது இன்னும் பேசுமா, பாரப்பா" என்றார்.

லாமிங்டன் ரோட்டில் கணினிப் பாகங்களும், காமிராக்களும், கம்பிச் சுருள்களும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. நான்கு கடைகளில் பலகையைப் பார்த்துத் தலையசைத்து விட்டனர். ஐந்தாமவர் ஒரு பழைய கட்டடத்தின் மாடிக்கு வழி காட்டினார். அங்கே குஜராத்திப் பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு அமர்ந்திருந்தார்.

செம்புப் பக்கத்தில் பொறித்திருந்த எண்ணை நான் பெருமையுடன் காட்டினேன். "அது பலகை செய்தவன் இட்ட எண்ணாகவும் இருக்கலாம், மகனே. டிரான்சிஸ்டர்களைப் படி" என்று இந்தியில் கூறினார். படித்தோம். ஏ.எப்.117 மூன்று, ஏ.சி.126 ஒன்று, ஏ.சி.128 இரண்டு. முதலெழுத்து 'ஏ' ஜெர்மானியத்தைக் குறிக்கும். இரண்டாவது 'எப்' ஆயின் வானலைக்கும், 'சி' ஆயின் ஒலிக்கும் உரியது. அலையை ஏற்று இடைநிலை அதிர்வெண்ணாக மாற்றிப் பெருக்குவன முதல் மூன்று. ஒலியை ஊக்குவது நான்காவது. ஒலிபெருக்கியை இயக்குவன இறுதி இரண்டு. பெயரற்ற பலகைக்கு ஒருவாறு குலமும் கோத்திரமும் கிடைத்துவிட்டன.

பிறகு அலமாரியிலிருந்து பழுப்பேறிய வரைபடக் கட்டுகளை இறக்கினார். ஒருமணி நேரம் புரட்டினோம். எங்கள் வானொலியின் படம் அகப்படவில்லை. ஆனால் அதே ஆறு டிரான்சிஸ்டர்களும், அதே வரிசையில் சுருள்களும் அமைந்த வேறொன்றின் படம் அகப்பட்டது. பலகையை விளக்கொளிக்கு நேரே பிடித்து, செம்புத் தடங்களைப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். இரண்டு மின்தடைகள் தவிர யாவும் பொருந்தின.

பழுதையும் அவரே கண்டார். ஏ.எப்.117-க்குக் கால்கள் நான்கு. நான்காவது, வெளியுறையை நிலத்தோடு இணைப்பது. ஆண்டுகள் செல்லச் செல்ல உறையினுள் மயிரினும் மெல்லிய வெள்ளீய இழைகள் வளர்ந்து, உள்ளிருப்பதை உறையோடு தொடுத்துவிடுமாம். அளவுமானி அதனை உறுதி செய்தது. ஒரு டிரான்சிஸ்டரின் நான்காம் காலை மட்டும் கத்தரித்தார். மின்கலத்தை இணைத்ததும் இரைச்சல் எழுந்தது. இரைச்சலினூடே ஒரு மராத்திக் குரல்!

அன்றிரவு தந்தையாரின் கட்டிலருகே அதனை வைத்தேன். முள்ளில்லை, எண் பலகையில்லை. கைப்பழக்கத்தாலேயே திருகி, ஓரிடத்தில் நிறுத்தினார். "இலங்கை இங்கேதான் இருந்தது" என்றார். அவ்விடத்தில் இரைச்சலே கேட்டது. ஆயினும் அணைக்க அவர் விடவில்லை.

அன்பர்களே, உங்கள் பரணிலும் இத்தகைய பெட்டி இருக்கலாம். அதனைத் துடைக்குமுன் பின்மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தாள் ஒட்டியிருந்தால் அதனைப் படமெடுத்து வையுங்கள். நான் எறிந்த தாளின் மதிப்பை லாமிங்டன் ரோட்டின் மாடியொன்றில் உணர்ந்தேன்.