சித்தியும் சிப்பும்

வீட்டில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று மலேசியப் புள்ளிவிவரத் துறை எடுக்கும் கணக்கில், கைப்பேசி, கணினியோடு வானொலிக்கும் ஓர் இடம் உண்டு. எங்கள் வீட்டில் வானொலிப் பெட்டி கிடையாது. ஆனால் காரில் மின்னல் எஃப்.எம். பாடுகிறது, கைப்பேசியிலும் பாடுகிறது. இதற்கு 'உண்டு' என்பதா, 'இல்லை' என்பதா?

முன்பு இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. பெட்டி இருந்தால் லைசென்ஸும் இருந்தாக வேண்டும். டிவிக்கு வருடம் 24 வெள்ளி. அந்தச் சீட்டு எங்கள் பிறப்புப் பத்திரங்களோடு பிஸ்கட் டின்னில் கிடக்கும்.

டிவியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சித்தி. 1969-இல் தீர்வையற்ற துறைமுகம் என்ற அந்தஸ்து பறிபோய், பினாங்கின் ஜார்ஜ்டவுன் வேலைக்குத் திண்டாடிக்கொண்டிருந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப மண்டலம் திறந்தது. இன்டெல், ஹிட்டாச்சி, பாஷ் என்று வரிசையாக வந்து இறங்கின. சித்தியும் ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏறினார். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் பொருத்துவது வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கண்ணை இடுக்கித்தான் பார்ப்பார். "அதெல்லாம் எங்க போவுது சித்தி?" என்று கேட்டால், "பிளேன்ல போவுது" என்பார். எதற்குள் போகிறது என்று கம்பெனியில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

எத்தனையோ ஆயிரம் சிப்புகளை வெளிதேசங்களுக்கு அனுப்பிய பிறகுதான் எங்களுக்குத் தவணையில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாய்த்தது. இழுத்து மூடும் மரக்கதவு, அதற்கொரு பூட்டு, மேலே சித்தி பின்னிய லேஸ் துணி. சாவி தாத்தாவின் இடுப்பில். தமிழ்ப் படம் போடும் நாளில் அக்கம்பக்கமெல்லாம் வந்து உட்கார்ந்த பிறகே, கோயில் நடை திறப்பதுபோல் அவர் கதவைத் திறப்பார். 1978 டிசம்பர் 28 அன்று நாட்டில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது எங்கள் தவணை முடிந்திருக்கவில்லை.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு திரை. பூட்டு மட்டும் போகவில்லை, அதுவும் ஆளுக்கொன்றாகிவிட்டது. தாத்தாவிடம் கெஞ்சினால் சாவி கிடைக்கும். பேரப்பிள்ளைகளின் கடவுச்சொல் எந்தக் கெஞ்சலுக்கும் கிடைக்காது.

சித்திக்குப் புதுக் கைப்பேசி வாங்கக் கடைக்குப் போனோம். விலையைப் பார்த்தவர் கடைக்காரப் பையனிடம் கேட்டார்: "ஏன்டா தம்பி, உள்ள இருக்கிறதெல்லாம் எங்க கையால செஞ்சது. எனக்கே இந்த விலையா?"