இரவு ஒன்பது மணிப் பதிவு

எங்கள் மதரஸாவின் மாணவர் பதிவும் தேர்வு மதிப்பெண்களும் அலுவலகக் கணினி ஒன்றிலேயே இருக்கின்றன. அரையாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு காலையில் அதை இயக்கினேன். விண்டோஸ் பாதியில் நின்று நீலத்திரை தோன்றியது. கணினி தானாகவே மீண்டும் தொடங்கியது. மூன்றாம் முறைதான் திறந்தது.

முந்தைய நாள் அஸருக்குப் பின் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் அதில் பென் டிரைவைச் செருகியது நினைவுக்கு வந்தது. வகுப்பார் முன்னிலையிலேயே அவனைக் கடிந்துகொண்டேன். "ஹஜ்ரத், நீங்கள் தந்த பாட அட்டவணையை அச்செடுக்கத்தான் செருகினேன்" என்றான். நான் செவிசாய்க்கவில்லை.

கணினித் துறையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஊகம் வேண்டாம் ஹஜ்ரத். கணினியே எழுதி வைத்திருக்கும், பார்ப்போம்" என்றார். அவர் சொன்னபடி, ஸ்டார்ட் பொத்தானை வலப்புறம் சொடுக்கி ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதனுள் சிஸ்டம். 6005 என்ற எண், பதிவுச் சேவை தொடங்கியதைக் காட்டும்; கணினி எழுந்த நேரத்தை அதைக்கொண்டு அறியலாம். அந்நேரத்தைக் குறித்துக்கொண்டு, கிரிட்டிக்கல், எரர் ஆகிய இரண்டை மட்டும் வடிகட்டி, அதை ஒட்டிய வரிகளை வாசிக்க வேண்டும். நலமான கணினியிலும் சில சிவப்புக் குறிகள் இருக்கும். ஆகவே, திரும்பத் திரும்ப வருவது எது, முதலில் வந்தது எந்நாள் என்பவற்றையே கவனிக்கச் சொன்னார்.

55 என்ற எண் கோப்பு அமைப்பு சிதைந்திருப்பதைக் கூறியது. அது முதன்முதலில் பதிவானது மூன்று வாரங்களுக்கு முன்! அதற்கும் முன்பிருந்தே 41, 6008 என்ற எண்கள் நாள்தோறும் காணப்பட்டன. கணினி முறையாக நிறுத்தப்படாமல் அணைந்தது என்பதே அவற்றின் பொருள். 6008 மறுநாள் கணினி தொடங்கும்போது எழுதப்படுவது. ஆயினும் முந்தைய இரவு அணைந்த நேரத்தை அது குறிப்பிடும். எல்லாமே இரவு ஒன்பது மணியை ஒட்டியவை. இஷாவுக்குப் பின் அலுவலகத்தைப் பூட்டும் நான், மெயின் சுவிட்சை அப்படியே அணைத்துவிட்டுப் போகும் நேரம் அது. அவ்வேளையில் எந்த மாணவனும் அங்கிருப்பதில்லை.

செய்தியைத் தீர விசாரிக்கவும், வீண் ஊகத்தைத் தவிர்க்கவும் கற்பிக்கும் ஸூரத்துல் ஹுஜுராத்தை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான்.

முதலில் மதிப்பெண் கோப்புகளை வேறு வட்டில் நகலெடுத்தோம். பின்னரே செக் டிஸ்க்கை இயக்கினோம். அல்ஹம்துலில்லாஹ், எதுவும் இழக்கவில்லை. மறுநாள் அதே வகுப்பார் முன்னிலையில், தவறு என்னுடையது என்று கூறி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை ஹஜ்ரத்" என்றான். சற்று நேரம் கழித்து, "அந்தப் பதிவை எனக்கும் காட்டுவீர்களா?" என்று கேட்டான். காட்டினேன்.

இப்போது ஷட் டவுன் கொடுத்து, கணினி முழுவதும் அணைந்த பின்னரே சுவிட்சைத் தொடுகிறேன்.