தென்கடற்கரை யாத்திரை – 4: மண்டபத்துக் கூம்புச் சங்கு

சென்ற இதழில் ராமநாதபுரத்தோடு நிறுத்தியிருந்தேன். சேர்வராயன் மலையடிவாரத்தில், பொம்மிடி ரயிலடியின் ஓசையைக் கேட்டே வளர்ந்த என் போன்றோருக்குச் சமுத்திரத்து ஜீவராசிகள் யாவும் புதியவையே; ஆயினும் மண்டபத்துக் கரையில் நண்டு வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் காலடியில், விரல் நீளமே இருந்த அந்தச் சங்கைக் கண்டபோது உண்டான வியப்பு, வழியில் தரிசித்த கோபுரங்கள்கூட உண்டாக்காத வியப்பு. ஒரு புறம் பருத்து மறுபுறம் குறுகிய கூம்பு வடிவம். பொன்னிறத் தரையில் சிறிதும் பெரிதுமாக வெண்முக்கோணங்கள், அவற்றின் விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடுகள். நெடுகப் பிளந்த ஒடுங்கிய வாய். கை நீட்டினேன்.

"உசுரோட கெடக்கு, தொடாதீக ஐயா!" என்று தடுத்த பெரியவர், பலகைத் துண்டொன்றால் அதை நீருக்குள் தள்ளிவிட்டார்.

வெப்பக் கடல்களில் 700-க்கும் மேற்பட்ட இனங்களாகப் பரவியிருக்கும் கூம்புச் சங்குகள் அனைத்தும் மாமிசபட்சிணிகளே. பெரும்பாலானவை புழுக்களையும், நான் கண்டதைப் போன்றவை பிற நத்தைகளையும், சில மீன்களையுமே உண்டு வாழ்கின்றன. பகலெல்லாம் மணலிலும் பவளப்பாறை இடுக்கிலும் ஒடுங்கிக் கிடந்து, இரவில் வெளிப்பட்டு, நீரில் கலந்து வரும் இரையின் வாசனையை மோப்பம் பிடித்து, துதிக்கை போல் நீளும் உறுப்பின் நுனியில் உட்குழிவான ஒற்றைப் பல்லை அம்பாகப் பொருத்தி, விஷத்தோடு எய்துவிடுகிறது இந்த மந்தகதிப் பிராணி. பட்ட மீன் க்ஷணப்பொழுதில் விறைத்துப்போகிறது. எய்த பல் மறுமுறை உதவாது. அடுத்தது பையில் தயாராக இருக்கும். கோனஸ் ஜியோகிராபஸ் என்னும் இனம் மனிதரையும் கொன்றிருக்கிறது. அதற்கு முறிமருந்து கிடையாது.

அந்த விஷமே மருந்தாகவும் ஆயிற்று. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவெரா என்னும் விஞ்ஞானி, மணிலாவில் போதிய கருவிகள் இல்லாத நிலையில், தம் நாட்டுக் கடலில் எளிதில் கிடைத்த இச்சங்கை 1970-களில் ஆராயத் தொடங்கினார். பின்னர் அமெரிக்காவின் யூட்டா சர்வகலாசாலையில் அவருடைய குழு தொடர்ந்த ஆராய்ச்சியின் பலனாக, கோனஸ் மேகஸ் என்னும் இனத்தின் விஷத்தில் கண்டெடுத்த, 25 அமினோ அமிலங்களாலான ஒரு பொருள், ஜிகோனோடைடு என்ற பெயரில், வேறெதற்கும் அடங்காத கொடிய வலிக்கு முதுகுத்தண்டு நீரில் செலுத்தும் மருந்தாக 2004-இல் அங்கே அனுமதி பெற்றது. மார்ஃபினைப் போல் நோயாளியை அடிமையாக்கும் தன்மை இதற்கு இல்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் நம் கடற்கரை இனங்களின் விஷத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பேரானந்தம் தந்த செய்தி.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சூழ்ந்த கடல் 1986-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் பவளப்பாறை அழியுமானால் இந்த ஜீவன்களுக்கு ஒதுங்க இடமேது? ராமேசுவர யாத்திரை செல்லும் நம் தர்மபுரி ஜில்லா அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: கரையில் இச்சங்கு தென்பட்டால் குழந்தைகளைத் தொடவிடாதீர்கள், கடைகளில் மெருகேறி மின்னும் கூம்புச் சங்கை விலைகொடுத்து வாங்காதீர்கள்.