டெமரேஜும் நான் எழுதிய ஒரு குறிப்பும்

ராயபுரம்வாசிகளுக்கு ‘டெமரேஜ்’ புதிய சொல் அல்ல. சரக்கை ஏற்றி இறக்க ஒப்புக்கொண்ட நேரம் தாண்டியும் கப்பல் நின்றால், அதை வாடகைக்கு எடுத்தவர் நாள் கணக்கில் கட்டும் பணம் அது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது பழைய உறவுக்காரர் மாதிரி. ‘தெமெரே’ என்றால் தங்குதல். கெடு தவறியவருக்கு பிரெஞ்சுச் சட்டப்படி அனுப்பும் நோட்டீஸுக்கும் ‘மீஸ் ஆன் தெமெர்’ என்றே பெயர்.

போன வாரம் பேத்தி ஒரு கணக்கு போட்டுக் காட்டினாள். ஒப்பந்தங்களைக் கணினி கண்காணிக்க வேண்டுமாம். ‘முப்பது நாளில் சரக்கு தர வேண்டும்’ என்று மட்டும் சொல்லி வைத்தால், முப்பத்தோராம் நாள் அது ‘மீறல்’ என்று கத்திவிட்டு நின்றுவிடும். அடுத்து என்ன என்று அதற்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் குயீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த கவர்னடோரி என்பவர் 2005-ல் ஒரு வழி எழுதினார். கடமைகளைச் சங்கிலியாகக் கோர்ப்பது: இதைச் செய்; தவறினால் இந்த ஈட்டைக் கொடு; அதுவும் தவறினால் அடுத்தது.

“தாத்தா, முதல் கடமை தவறிப்போச்சு, ரெண்டாவதைச் செஞ்சுட்டார். ஒப்பந்தத்தை மீறினவரா, இல்லையா?” என்றாள்.

எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. 1983-ல் இதே கேள்வி என் மேஜைக்கு வந்திருந்தது. திருவொற்றியூரில் ஒரு சின்னப் பட்டறைக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு போல்ட் நட்டு தந்தார். இரண்டு வாரம் தாமதம். வாரத்துக்கு அரை சதவீதம் அபராதம் என்பது ஷரத்து. பில்லில் ஒரு சதவீதம் பிடித்தோம்; முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டார். அடுத்த டெண்டரின்போது நான் கோப்பில், “முந்தைய ஒப்பந்தத்தை மீறியவர்” என்று குறிப்பு எழுதினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். அவருடைய டெண்டர் உறையைப் பிரிக்கவே இல்லை.

அவர் நேரில் வந்தார். “சார், ஒரு பர்சென்ட் புடிச்சிட்டீங்க இல்ல? அப்புறம் எதுக்கு சார் இந்தப் பேரு?”

கோப்பு மேலே போய்விட்டது என்றேன். குமாஸ்தாக்களுக்கு இருக்கும் ஒரே கேடயம்.

பேத்தியின் சங்கிலியில் தாமதத்தை மறைப்பதில்லை. ‘தவறியது, ஈடு செய்யப்பட்டது’ என்று இரண்டும் பதிவாகும். ஈடு கொடுக்காதவர் வேறு நிலையில் நிற்பார். நான் அந்த இருவரையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டேன். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-ம் பிரிவு, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேல் இழப்பீடு கிடையாது என்கிறது. நான் பணத்துக்கு மேல் பெயரையும் பிடித்துக்கொண்டேன்.

“மீறினவர் இல்லை” என்றேன் பேத்தியிடம். “கரெக்ட், தாத்தா” என்று அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

அந்தப் பட்டறைக்காரர் அதற்குப் பிறகு எங்கள் டெண்டர் எதற்கும் வரவில்லை.