கோமு, உன் கணக்கை யார் கேட்பது?

அன்பு கோமு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பொதிகை ரயில் எழும்பூர் வரும்போது விடிந்திருந்தது. நீ கட்டிக் கொடுத்த புளியோதரையில் பாதியை எதிர் சீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தேன். "தென்காசிக் கைப்பக்குவம்லா" என்று ரசித்துச் சாப்பிட்டாள். உன் சமையலை யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி எத்தனை நாளாயிற்றோ என்றுதான் முதலில் இதை எழுதுகிறேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் நீ பேச விட்டால்தானே? "கஞ்சி இறங்குச்சுக்கா, யூரின் பை மாத்திட்டேன், ராத்திரி ரெண்டு தரம் முழிச்சாங்க" என்று அத்தையின் கணக்கை ஒப்பித்துவிட்டு வைத்துவிடுகிறாய். உன் கணக்கை யார் கேட்பது?

அத்தை நிலைமை நமக்குத் தெரிந்ததுதான். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இத்தனை மாதம் கிடையில் இருந்தும் முதுகில் ஒரு புண் வராமல் வைத்திருக்கிறாய். பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று தெருவே சொல்கிறது. என் கவலை உன்னைப் பற்றி. வாசலில் ஸ்டிக்கர் கோலத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ஏட்டி, மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போட்டு, சைக்கிளில் வருகிறவர்களை இறங்கி உருட்ட வைத்தவள் நீ!

நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே. தினமும் அரை மணி நேரம் கையால் எதையாவது செய். வரை, கலர் அடி, மண்ணைப் பிசை, எதுவானாலும் சரி.

ஆச்சி கிடையில் கிடந்தது நினைவிருக்கிறதா? நீ அப்போது ரொம்பச் சின்னவள். அத்தை தார்சாவில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பனையோலைக் கொட்டான் முடைந்துகொண்டிருப்பாள். ஆச்சி முனகினால் ஓலையைக் கீழே வைப்பாள். புரட்டிப் படுக்க வைத்துவிட்டு மறுபடியும் எடுப்பாள். வீடு முழுக்கக் கொட்டான். இத்தனை எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "சும்மா இருந்தா மண்டைக்குள்ள என்னென்னமோ ஓடுது மதினி" என்றாள். ஒருவர் போன பிறகு அழுவதற்கு ஊரில் ஒப்பாரி இருக்கிறது. போவதற்கு முன்னால் இப்படி மாதக்கணக்கில் காத்துக்கிடக்கிறவளுக்கு ஊர் ஒன்றும் வைத்திருக்கவில்லை. அத்தை தானாக ஒன்றைத் தேடிக்கொண்டாள்.

இதை இப்போது ஆராய்ச்சியாகவே செய்கிறார்கள். அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்று ஒரு பேராசிரியை. 2016-இல் 39 பேரிடம் களிமண்ணும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து 45 நிமிடம் இஷ்டத்துக்குச் செய்யச் சொன்னார். முன்னும் பின்னும் எச்சிலைச் சோதித்ததில், முக்கால்வாசிப் பேருக்குக் கார்ட்டிசால் குறைந்திருந்தது. அது மன அழுத்தத்தில் சுரக்கிறது. முன்பே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் அதில் இல்லை. பிறகு புற்றுநோய்க் கதிர்வீச்சுப் பிரிவில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர்களையும் பணியாளர்களையும் வைத்து ஒரு ஆய்வு, 2019-இல் வெளியானது. அச்சடித்த படத்துக்குக் கலர் அடித்தவர்களுக்கும், கூட ஒருவர் இருந்து வழிகாட்ட மனம்போல் வரைந்தவர்களுக்கும் பதற்றமும் சோர்வும் குறைந்தன. "எனக்கெங்கக்கா வரும்?" என்று நீ தட்டிக்கழிக்க முடியாது.

எதை வரைய என்று கேட்பாய். மர பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் அத்தையின் கோல நோட்டு இருக்கும், எடு. குற்றாலத்தில் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நம்மைச் சித்திர சபைக்கு இழுத்துப் போவாளே. பஞ்ச சபைகளில் அங்கே மட்டும்தான் நடராஜர் சிலையாக இல்லாமல் சுவரில் சித்திரமாக நிற்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நாம் எப்போதடா வெளியே ஓடலாம் என்று நிற்போம். அவள் சுவரோரத்துக் கொடியையும் பூவையும் பார்த்து விரலால் தொடையில் இழுத்துப் பழகிக்கொண்டிருப்பாள். மறுநாள் அது கோலத்தில் வந்துவிடும். அந்த நோட்டின் ஓரங்களில் எல்லாம் அந்தக் கொடிதான்.

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்து வரை. புள்ளி கணக்கு புரியாவிட்டால் அவளிடமே கேள். பதில் வராமல் போகலாம். கேட்பது அவள் காதில் விழட்டும். பாப்பாவின் ஸ்கெட்ச் பேனாவே போதும். வரையப் பிடிக்காத நாளில் தேன்பொத்தையில் சட்டிபானை செய்கிறவர்களிடம் ஒரு உருண்டை களிமண் வாங்கி வரச் சொல், சும்மா பிசைந்துகொண்டிரு. அழுகை வந்தால் அடக்காதே. வரைந்ததை வாட்ஸ்அப்பில் போடாதே, எனக்கும் அனுப்ப வேண்டாம். நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்தால் அது இன்னொரு வேலையாகிவிடும்.

சாகக் கிடக்கிறவளை வைத்துக்கொண்டு படம் வரைகிறாளே என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களை ஒரு ராத்திரி வந்து கண் விழிக்கச் சொல்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இது மருந்துக்குப் பதில் ஆகாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். நர்ஸ் வரும்போது அத்தையின் வலியைப் பற்றிச் சொல்வதோடு நீ தூங்குவதில்லை என்பதையும் சொல். உலக சுகாதார நிறுவனமே இந்தச் சிகிச்சையில் குடும்பத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறது, அதனால் கூச்சப்படாதே. மனசு ரொம்பக் கனத்து, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றினால் 14416-க்குப் போன் செய். அது அரசின் டெலி மானஸ்; காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு, நடுராத்திரி ஆனாலும்.

இன்னொரு விஷயம், கோபப்படாதே. அத்தானிடம் நேற்றே பேசிவிட்டேன். தினமும் சாயந்திரம் கடையிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் அவர்தான் தன் அம்மா பக்கத்தில் இருக்கப் போகிறார். டயப்பர் மாற்றத் தெரியாதே என்றார். கோமுவுக்கும் பிறக்கும்போது தெரியாது, கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீ குறுக்கே புகுந்து "நானே பாத்துக்கிடுதேன்" என்று கெடுத்துவிடாதே.

பாப்பாவுக்கு முத்தம். அத்தை காதில் என் பெயரைச் சொல்.

அன்புடன்
அக்கா