எத்தனை நம்பர் துப்பாக்கி?

கதை எழுதுகிறவனுக்குத் துப்பாக்கி ரொம்பச் சௌகரியமான சாமான். லைசென்ஸ் வேண்டாம், எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டாம். அத்தியாயத்தின் கடைசி வரியில் "டுமீல்!" என்று ஒரு சத்தத்தைப் போட்டுத் "தொடரும்" என்று முடித்துவிட்டால் ஒரு வாரம் நிம்மதி. ஆனால் வாசகர்களில் சிலர் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறவர்கள் அல்ல. "இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது .38-ஆ, .45-ஆ?" என்று கேட்டு எழுதுவார்கள். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் உட்காராதவன் நான். ஆனாலும் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காகப் படிக்கப் போய், கதையைவிட ருசியான சங்கதிகள் அகப்பட்டன.

இந்த நம்பர் என்பது குண்டின் விட்டம், அங்குலக் கணக்கு. .45 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் நாற்பத்தைந்து பங்கு. ஐரோப்பியர்கள் மில்லிமீட்டரில் சொல்லுவார்கள். இதில் ஒரு வேடிக்கை: .38 தோட்டாவின் குண்டை அளந்து பார்த்தால் .357 அங்குலந்தான் இருக்கும். குண்டும் பித்தளைக் கூடும் ஒரே பருமனாக இருந்த பழங்காலத்தில் வைத்த பெயர் அது. பிறகு குண்டு இளைத்தது, பெயர் இளைக்கவில்லை. கடையில் வாங்கிய எட்டு முழ வேட்டியை வீட்டில் முழம் போட்டுப் பார்க்கிற கதைதான். 9 மில்லிமீட்டர் குண்டு .355 அங்குலம். ஆக, பெயரில் எங்கேயோ இருக்கிற இரண்டும் பருமனில் கிட்டத்தட்ட ஒன்றே.

எது நல்லது என்ற சண்டை பிலிப்பைன்ஸில் ஆரம்பித்தது. 1898-இல் ஸ்பெயினுடன் நடந்த யுத்தத்தின்போது அமெரிக்கப் படை அந்தத் தீவுகளில் இறங்கிற்று. தெற்கே மோரோ வீரர்கள் கத்தியும் கையுமாகப் பாய்ந்து வந்தார்கள். சிப்பாய் தன் .38 ரிவால்வரைக் காலி செய்த பிறகும் வந்தவன் வந்துகொண்டே இருந்தான் என்று புகார். 1904-இல் தாம்ப்ஸன் என்ற படை அதிகாரியும் லகார்ட் என்ற படை டாக்டரும் சிகாகோ கசாப்புக் களத்தில் உயிருள்ள மாடுகளையும், வேறிடத்தில் மனிதப் பிணங்களையும் சுட்டுச் சோதித்தார்கள். அந்த விவரங்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். .45-க்குக் குறைந்து உதவாது என்பது அவர்கள் தீர்ப்பு. அதன்படி ஜான் பிரௌனிங் அமைத்த .45 பிஸ்டலை அமெரிக்கப் படை 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரௌனிங்தான்.

பிரிட்டிஷ்காரன் நேர் எதிர்த் திசையில் நடந்தான். அவனிடம் .455 வெப்ளி என்ற யானை இருந்தது. முதல் உலக யுத்தத்தில் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்த பிறகு, 1932-இல் .38-க்கு இறங்கிவிட்டான். அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்து அனுப்பப்படும் ஆள் பெரிய ரிவால்வரின் உதைப்பைச் சமாளித்துக் குறி பார்க்க மாட்டான். சின்னதானால் ஏதோ சுடுவான் என்பது அவன் வாதம். சிகாகோவில் மாட்டைச் சோதித்தார்கள். இவன் சுடுகிற மனுஷனைச் சோதித்தான். எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

அமெரிக்காவில் அப்புறம் நடந்தது மாமியார் வீட்டுக்கும் தாய் வீட்டுக்கும் நடந்த பெண்ணின் கதை. 1985-இல் படை .45-ஐ விட்டு 9 மில்லிமீட்டருக்கு வந்தது. மறு வருஷம் ஏப்ரலில் மயாமி நகரில் எஃப்.பி.ஐ. ஆட்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையருக்கும் துப்பாக்கிச் சண்டை. கொள்ளையரில் ஒருவன் மீது ஆரம்பத்திலேயே ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு பாய்ந்தது. கையைத் துளைத்து மார்புக்குள் போன குண்டு, இருதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அந்த நிலையிலும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் மாண்டார்கள், ஐவர் காயப்பட்டார்கள். பழி குண்டின்மேல் விழுந்தது. இனிமேல் குண்டு குறைந்தது 12 அங்குலமாவது உள்ளே போக வேண்டும் என்று விதித்தார்கள். 10 மில்லிமீட்டர் வந்தது, உதைப்புத் தாங்கவில்லை. அதைக் குறைத்து 1990-இல் .40 வந்தது. அதையும் சுமந்துவிட்டு 2014 வாக்கில் எஃப்.பி.ஐ. மறுபடி 9 மில்லிமீட்டருக்கே திரும்பத் தீர்மானித்தது. குண்டு செய்கிற வித்தை வளர்ந்துவிட்டது. காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சின்னதைக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் விரைவாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். 1932-இல் வெள்ளைக்காரன் சொன்னதுதான்.

சினிமாவில் குண்டு பட்டவன் பத்தடி பறந்து போய் விழுகிறான். குண்டு அவனை அப்படித் தள்ளுமானால் சுட்டவனையும் அதே வேகத்தில் பின்னால் தள்ள வேண்டும். பௌதிகம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. குண்டு எங்கே படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1948 ஜனவரி 30-ஆம் தேதி டில்லியில் பிரார்த்தனைக்கு நடந்து வந்த கிழவரைச் சுட்ட பெரெட்டா, நிபுணர்கள் "சின்னது" என்று ஒதுக்குகிற ரகம். மூன்று குண்டுகள்.

நம் நாட்டில் இந்தத் தேர்வில் பெரும் பகுதியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது. படையும் போலீஸும் வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் சாமானியனுக்குத் தடை. லைசென்ஸ் உள்ளவனுக்குப் பெரும்பாலும் கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர்தான். தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள்.

போடிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என் சிநேகிதர் ஒருவரிடம் அப்பா காலத்து .32 ஒன்று இருக்கிறது. கூலிப் பணம் கொண்டுபோகிற நாளில் வாங்கியது. சென்ற வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் திருட்டுப் போனதிலிருந்து அவருக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டு .357 மாக்னம் ஒன்றை விற்கிறாராம். "நீதான் துப்பாக்கிக் கதையெல்லாம் எழுதுறியே, எது நல்லது, சொல்லேன்" என்றார். நான் தேனியிலிருந்து, ஆயுதப்படையில் ஆயுதக் கிடங்கைப் பார்த்து ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன்.

அவர் .32-ஐ வாங்கித் தோட்டாக்களைக் கழற்றி மேஜைமேல் வரிசையாக வைத்தார். அறைகளை இரண்டு தடவை விரல்விட்டுப் பார்த்தார்.

"கடைசியா எப்பங்கய்யா சுட்டீங்க?"

"அப்பா இருந்தப்ப. தொண்ணூத்தி ஒண்ணுல."

"ராத்திரி எந்திரிச்சா கண்ணாடி இல்லாம கதவு தெரியுமா?"

சிநேகிதர் பதில் சொல்லவில்லை.

"இதோட உதைப்பையே கை மறந்திருக்கும். அது இதைவிட ரொம்ப உதைக்கும். முதல் குண்டுக்கு அப்புறம் கண்ணு தானா மூடிக்கிரும். மாசம் ஒருக்கா சுட்டுப் பழக இடமிருந்தா வாங்குங்க. இல்லாட்டி இதுவே போதும்."

காப்பி கொண்டுவந்த சிநேகிதரின் மனைவி அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது பழைய தோட்ட வீடு. அறைக்கும் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு. "அண்ணே, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. வாசல் இந்தப் பக்கம். இந்தப் பலகைக்கு அங்கிட்டு எம்மக கைப்பிள்ளையோட படுத்திருக்கா. எந்த நம்பரு இதோட நின்னுக்கிரும்?"

அவர் தடுப்பை விரலால் தட்டிப் பார்த்தார். "எதுவும் நிக்காது தாயி. ஆளைத் துளைக்கணும்னு செஞ்ச குண்டு. இது முக்கா அங்குலப் பலகை. சின்னதும் போயிரும், பெருசும் போயிரும்."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மாள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் கிளம்பும்போது பார்த்தேன்: தொட்டில் கம்பைக் கழற்றிப் பின்கட்டில், கல்சுவர் வைத்த பழைய அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.