சாமிக்குச் சிக்கரி

பாச்சலூர், தாண்டிக்குடிப் பக்கமிருந்து காப்பிக்கொட்டை மூட்டை மூட்டையாகப் பட்டிவீரன்பட்டிக்கு இறங்கும் மாதங்களில், அதில் ஒரு படியாவது எப்படியோ எங்கள் அய்யம்பாளையத்து வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிடும். அப்பத்தா அதை இரும்புச் சட்டியில் போட்டுக் கிண்டிக் கிண்டி வறுக்க, அந்தப் புகை தாழ்வாரம் ஏறி, தோப்பில் ஊறிக் கிடக்கும் தேங்காய் மட்டை நாற்றத்தோடு கலந்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னைத் தெருமுனையிலேயே பிடித்துக்கொள்ளும். அவள் உரலில் இடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து நான் கதை வாசிக்க வேண்டும். கூலி, ஒரு துண்டு கருப்பட்டி.

அப்படித்தான் ஒருநாள் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வாசித்தேன். சென்னையில் கடவுள் வந்து நின்று திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கடவுளுக்கே வழி தெரியவில்லையே என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. உலக்கை நிற்கவேயில்லை. வருஷா வருஷம் பக்கத்து வீட்டு மாமா மேல் இறங்கிச் சுருட்டுக் கேட்கும் சாமியைப் பார்த்தவள், ஓட்டலில் காப்பி குடிக்கும் சாமிக்கா அசருவாள்? ஆனால் அந்தக் காப்பியின் ருசி சிக்கரியின் வேலை என்று பிள்ளை சொல்லும் இடத்தில் உலக்கை நின்றது.

"சாமிக்குமா சிக்கரியக் கலந்து குடுத்தான்? வெளங்குவானா அவன்?"

கல்லூரிக்குப் போனதும் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த 'அந்நியன்' கைக்கு வந்தது. தாடி சரியாக முளைக்காதவனுக்கு ஆல்பெர் காம்யு பெரிய வசதி. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரியலாம். பிரான்ஸில் அந்த நாவல் வந்தது 1942இல், நம்மவர் கந்தசாமிப் பிள்ளையை எழுதியது அடுத்த வருஷம் என்று விடுதியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தபோது அப்பத்தாவையும் விடவில்லை. மனுசன் அர்த்தம் கேட்கிறான், உலகம் வாயே திறப்பதில்லை, அபத்தம் பிறப்பது அங்கேதான் என்றேன். கொட்டாவி விட்டாள்.

"கதையாச் சொல்லுய்யா."

சொன்னேன். அம்மா செத்ததற்கு மெர்சோ அழவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பால்காப்பி குடித்தான். கோர்ட்டில் அதையே குற்றமாக அடுக்கினார்கள்.

"ராமுச்சூடும் பொணத்தோட முழிச்சிருக்கவன் காப்பித்தண்ணி குடிக்காம? எழவு வீட்டுக்கு மொதல்ல போறதே காப்பித்தூக்குதானய்யா. என்ன தீர்ப்பு?"

"தலைய எடுக்கச் சொல்லிட்டாங்க."

"காப்பிக்கா?"

"இல்ல அப்பத்தா, ஒரு ஆளச் சுட்டுக் கொன்னுட்டான்."

"அட பாவி, அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"கோர்ட்டுலயும் அதப் பெருசாப் பேசல அப்பத்தா."